மலைத் தண்ணீரும் போர் தண்ணீரும்

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் ரோட்டில் போய், சிறுமலைப் பிரிவில் திரும்பி, 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சிறுமலை. தூரம் 25 கிலோமீட்டர்தான். கீழே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் மேலே கம்பளி போர்த்தியிருப்பார்கள். அதைவிடப் பெரிய வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. மேலே ஓடைத் தண்ணீரில் சோப்பைத் தொட்டாலே நுரை பொங்கும். கீழே ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீரில் அரை சோப்பு கரைந்தாலும் தலைமுடியில் சிக்கு போகாது.

பிறந்தது மலையில், பிழைத்தது ஊரில். இந்த இரண்டு தண்ணீருக்கும் வெந்நீர்த் தொட்டி மாட்டுவதும், கழற்றுவதும், கழுவி மறுபடி மாட்டுவதுமே என் தொழில். என்ன கம்பெனி, எத்தனை லிட்டர், என்ன விலை என்று கேட்டுத் தொட்டி வாங்குகிறவர்கள் அதிகம். எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு எது சரிப்படும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. அந்தக் கேள்விதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிறுமலைப் பழையூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு செப்பு பாய்லர் இருந்தது. அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார். பாய்லரைப் பார்த்துக்கொண்டது அப்பத்தா. இடுப்பளவு உயரம். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய், அதன் அடியில் இரும்புச் சல்லடை, பக்கத்தில் பித்தளை நல்லி. நடுக்குழாய்க்குள் கனல் கிடக்கும், அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். திறந்த அடுப்பில் அண்டாவை ஏற்றினால் சூட்டில் பெரும்பகுதி பக்கவாட்டில் காற்றோடு போய்விடும். பாய்லரில் நெருப்பு தண்ணீருக்கு நடுவில் இருப்பதால் அது தப்பித்துப் போக வழி குறைவு. காப்பிச் செடியைக் கவாத்து செய்யும்போது விழும் கொம்புகள், சில்வர் ஓக் சுள்ளி, எப்போதாவது சிரட்டை, இவைதான் எரிக்கக் கிடைத்தவை. ஒரு கூடை சுள்ளியில் வீட்டில் அத்தனை பேரும் குளித்து முடித்துவிடுவோம்.

அப்பத்தா சில சட்டங்கள் வைத்திருந்தாள். தண்ணீர் நிரப்பாமல் நெருப்பு வைக்கக் கூடாது. வெறும் பாய்லரில் தீ பட்டால் பற்றவைத்த மூட்டு இளகி ஒழுகத் தொடங்கிவிடும். எடுத்த அளவுக்கு உடனே ஊற்றிவிட வேண்டும். ராத்திரி படுக்கும் முன் சாம்பலை வாரிவிட வேண்டும். ஈரம் ஏறிய சாம்பல் செம்பைத் தின்றுவிடும் என்பாள். பொங்கலுக்கு வீடு மெழுகும்போது பாய்லரையும் கவிழ்த்து, புளியும் சாம்பலும் போட்டு வெளிப்பக்கம் துலக்கி, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். கொஞ்சம் வண்டல் வரும், இரண்டு மூன்று இலைச் சருகு வரும். அவ்வளவுதான். அத்தனை வருஷம் தண்ணீர் காய்ந்த பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாக எதுவும் ஒட்டி நான் பார்த்ததில்லை. அது பாய்லரின் குணம் இல்லை, மலைத் தண்ணீரின் குணம் என்று ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடம் முடித்ததும் திண்டுக்கல்லுக்கு இறங்கி ஒரு ஃபிட்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அது ஜிஐ பைப் காலம். பைப்பை அறுத்து, முனையில் மரை வெட்டி, சணலைச் சுற்றி, பெயிண்டைத் தடவி முறுக்க வேண்டும். ஒருநாள் நாகல் நகரில் ஒரு வீட்டில் இருந்து கூப்பிட்டார்கள். கீசரில் தண்ணீர் காயவில்லை, கரண்டு பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றார்கள். அண்ணன் மெயினை அணைத்து, தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றி ஹீட்டிங் காயிலை உருவினார். காயிலே கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளையும் பழுப்புமாகக் கட்டைவிரல் தடிமனுக்குக் கல் பிடித்திருந்தது. சுத்தியல் காம்பால் தட்டியதும் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. தொட்டிக்குள் கையை விட்டேன். அடியில் கொரகொரவென்று கல்லும் மண்ணுமாக ஒரு குவியல்.

“இத்தனை கல்லையும் காயவச்ச பிறகுதாண்டா கரண்டு தண்ணியத் தொடுது. பில்லு ஏறாம என்ன செய்யும்?” என்றார் அண்ணன்.

அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று அவர்தான் முதலில் சொன்னார். பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பூமிக்குள் இறங்குகிறது. வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதையும் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். எங்கள் மாவட்ட மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. கரிக்காலிப் பக்கம் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்துத்தான் சிமெண்ட் செய்கிறார்கள். கரைந்த சுண்ணாம்பு குளிர்ந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைக் காய்ச்சும்போது கரியமில வாயு பிரிந்து போய்விடும், சுண்ணாம்பு மறுபடி கல்லாகிப் படியும். சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரையும், சுண்ணாம்பு சூட்டில் கரைய மறுக்கும். 60 டிகிரியைத் தாண்டினால் படிவது வேகம் பிடிக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. 600 உள்ள தண்ணீர் 100 லிட்டர் பிடித்தால் அதில் 60 கிராம் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான உப்பு இருக்கிறது. தினமும் 100 லிட்டர் காயும் தொட்டியில் அதில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலே வருஷத்துக்கு 2 கிலோ கல்லுக்கு மேல் சேர்ந்துவிடும். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரைப் பிடித்து மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றிய வீடுகளில் கீசர் வருஷக்கணக்கில் தொந்தரவில்லாமல் உழைத்ததைப் பார்த்திருக்கிறேன். அதே தெருவில் போர் தண்ணீரை மட்டும் நம்பிய வீடுகளில் அதே மாதிரிக் கீசருக்குக் காயில் மாற்றி மாற்றி மாளவில்லை. அங்கே யாரும் கம்பெனியைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சுண்ணாம்பாவது மெதுவாகக் கொல்லும். குளோரைடு அப்படி இல்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகள் பல தலைமுறையாக இருக்கின்றன. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டுத்தான் வைப்பார்கள். அதைக் கழுவிய தண்ணீர் மண்ணில் இறங்கி, சுற்று வட்டாரக் கிணறுகளில் உப்பு ஏறியதை ஆய்வாளர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்பி அந்தத் தண்ணீரை எவர்சில்வர் தொட்டியில் விடுகிறோம். எவர்சில்வரைக் காப்பது அதில் கலந்த குரோமியம். அது காற்றுப் பட்டதும் மேலே மெல்லிய படலமாக நின்று இரும்பைக் காக்கிறது. குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவு இடத்தில் உடைத்து உள்ளே போகும். வெல்டிங் ஓரம்தான் அதற்கு வசதியான இடம். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் வேகம்.

ஒரு விடுதி மாடியில் சோலார் தொட்டியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே பார்த்தால் புதுத் தொட்டி, பெயிண்ட் கூட மங்கவில்லை. ஆனால் வெளித்தகட்டின் அடியில் ஒரு மூலையில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மூடியைத் திறந்து, சூடு போகாமல் இருக்க நடுவில் அடைத்திருந்த நுரைப் பஞ்சை ஒரு கைப்பிடி பிய்த்தேன். பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. உள்தொட்டியின் வெல்டிங் ஓரத்தில் குண்டூசி குத்தியது போல ஓட்டைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு காவிப் பொட்டு. பற்றவைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். தொட்டியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அந்தத் தண்ணீருக்கு உட்புறம் கண்ணாடிப் பூச்சு சுட்டு ஒட்டிய எஃகுத் தொட்டிதான் சரி என்று சொல்லி அதை மாட்டினோம். இன்றும் உப்புத் தண்ணீர் வீடுகளுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

அந்தத் தொட்டிக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி தொங்கும். இரும்பை விட மெக்னீசியம் சீக்கிரம் அரிபடும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீரில் தொடர்போடு இருந்தால் அரிப்பு முழுவதும் மெக்னீசியத்தின் மேல் போகும், இரும்பு பிழைக்கும். 1824இல் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் கடல் தண்ணீரில் இருந்து காக்க இதே முறையைத்தான் சொன்னார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் செம்பு தப்பிக்கும் என்று காட்டினார். இருநூறு வருஷமாகத் தெரிந்த சங்கதி. ஆனால் நான் போய்த் திறந்த தொட்டிகளில் பெரும்பாலும் கம்பி இருந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு துண்டு உள்கம்பிதான் மிஞ்சியிருக்கும். போர் தண்ணீரில் ஒன்றிரண்டு வருஷத்தில் அது கரைந்துவிடும். கரைவதற்காகத்தான் அதை வைக்கிறார்கள். கரைந்தபின் மாற்றாவிட்டால் அடுத்து கரைவது தொட்டி.

இப்படி ஊர்த் தண்ணீரோடு மல்லுக்கட்டிய பிறகு, சிறுமலையில் ஒரு சோலார் தொட்டி மாட்டும் வேலை வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தென்மலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். விறகு பொறுக்கிக் கொடுத்த அம்மாவுக்கும் வயதாகிவிட்டது, டீச்சருக்கு முழங்கால் வலி. “காலையில ரெண்டு வாளி சுடுதண்ணி போதும் தம்பி. ஆனா எந்த மரத்தையும் வெட்டக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

வண்டி போகும் பாதை பாதியில் நின்றுவிட்டது. சிமெண்டு மூட்டையும் மணலும் குதிரையில் போயின. மலைவாழைத் தாரும் பலாவும் குதிரை முதுகில் இறங்குகிற ஊர் அது. பாரம் ஏற்றுகிறவர்களுக்குப் பாதை அத்துப்படி. தொட்டியைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கினோம். கண்ணாடிக் குழாய்களைக் குதிரையில் ஏற்ற மனம் வரவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் தலையில் வைத்து நடந்துபோய்ச் சேர்த்தோம்.

ஓட்டு வீடு. 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. ஓட்டுக் கூரை தாங்காது. ஆனால் மலைச் சரிவு கொடுத்த வசதியை மொட்டைமாடி கூடக் கொடுக்காது. சரிவின் மேலே ஊற்றுத் தண்ணீர் சேரும் சிமெண்டுத் தொட்டி ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கீழே கல் பீடம் கட்டி சோலாரை நிறுத்தினோம். அதற்கும் கீழே வீடு. மேல் தொட்டியில் இருந்து குளிர்ந்த தண்ணீர் தானாக இறங்கும், வெந்நீரும் தானாக வீட்டுக்கு இறங்கும். மோட்டார் வேண்டியதில்லை.

தண்ணீர் சுற்றுவதற்கும் மோட்டார் வேண்டாம். சூடேறிய தண்ணீர் கனம் குறைந்து மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்பும். 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் இதை நம்பித்தான் வெயில் காயும் தகட்டைக் கீழேயும் தொட்டியைத் தனியாக மேலேயும் வைத்தார். தொட்டிக்குச் சூடு போகாத உறை போட்டதால் ராத்திரியும் வெந்நீர் கிடைத்தது. பகலும் இரவும் என்று பொருள்பட ‘டே அண்ட் நைட்’ என்றே அதற்குப் பெயர் வைத்து விற்றார். இன்று நம் மாடிகளில் இருப்பவை அந்த வம்சம்தான்.

சோலாரைத் தெற்கே பார்த்து நிறுத்த வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கிறோம். சித்திரை வெயில் உச்சந்தலையில் அடிக்கும். மார்கழியில் நடுப்பகலில் கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மலையில் வெந்நீர் தேவைப்படுவது மார்கழியில்தான். அதனால் சாய்வைக் கொஞ்சம் கூட்டிவைத்தோம். முதலில் குறித்த இடத்தில் காலை வெயிலைப் பலா மரம் மறைத்தது. டீச்சர் மரத்தைத் தொடவிடவில்லை. பீடத்தைப் பத்தடி கிழக்கே தள்ளிக் கட்டினோம். மரமும் நிற்கிறது, வெயிலும் விழுகிறது.

நாங்கள் தலையில் சுமந்து வந்தவை, இரண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்கள். 58 மில்லிமீட்டர் குறுக்களவு, 1800 மில்லிமீட்டர் நீளம். அடிமுனையில் வெள்ளி போல ஒரு பளபளப்பு இருக்கும். பேரியம் பூசிய இடம் அது. விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அந்த வெள்ளி பால் வெள்ளையாகிவிடும். சுமந்து வந்த குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தன. ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, குழாயைத் திருகிக்கொண்டே உள்ளே செலுத்த வேண்டும். நேராக அமுக்கினால் வளையம் மடங்கிவிடும்.

மாலையில் வேலை முடிந்தும் உடனே தண்ணீர் விடவில்லை. வெறும் குழாய் பகல் முழுக்க வெயிலில் கொதித்திருக்கும். அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடிக்கும். இருட்டி, குழாய் ஆறிய பிறகுதான் வால்வைத் திறந்தேன். காற்றுப் போக்கிக் குழாயின் முனை மேல் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் 20 டிகிரியில் இருந்து 60க்குச் சூடேறினால் நூற்றுக்கு ஒன்றரை பங்கு பெருக்கும். 200 லிட்டரில் அது 3 லிட்டர். அதற்கும் ஆவிக்கும் போக்கிடம் இல்லாவிட்டால் தொட்டிதான் பிளக்கும்.

மறுநாள் மத்தியானம் டீச்சர் நல்லியைத் திறந்து கையை நீட்டியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். “ஏப்பா, நெருப்பில்லாமலா?” என்றார். 18 டிகிரித் தண்ணீர் 100 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை வெயில் சத்தமில்லாமல் செய்துவிட்டது. உங்கள் வீட்டுப் பழைய செப்பு பாய்லரை விற்றுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி நாள்கணக்கில் விலகாது, கரண்டும் போகும். அந்த நாட்களுக்கு இன்றும் அந்த வீட்டில் பாய்லர் இருக்கிறது.

தொடர்ந்து அந்தத் தொட்டியைப் பார்த்து வருகிறேன். வடிகால் வால்வைத் திறந்தால் கொஞ்சம் வண்டல் வரும், சுண்ணாம்பு வராது. அப்பத்தா கையை விட்டுத் துழாவியபோது வந்ததுதான் வருகிறது. அங்கே பார்க்க வேண்டியவை வேறு. குரங்கு பிடுங்கிய பைப் உறை, உதிர்ந்த சருகு மூடிய கண்ணாடி, பழுதான ரப்பர் வளையம். பைப் உறையை அற்பமாக நினைக்கக் கூடாது. முக்கால் அங்குல பைப்பில் மீட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். 20 மீட்டர் பைப் என்றால் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு லிட்டர் ஆறிய தண்ணீர் வந்த பிறகே வெந்நீர் வரும்.

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கடைக்குப் போகும் முன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ வேறு ஆய்வகத்திலோ கொடுங்கள். கடினத்தன்மை எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். தொட்டியை அந்தச் சீட்டைக் காட்டி வாங்குங்கள். மாட்டிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடி வால்வைத் திறந்து வண்டலை விடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வைத்து மெக்னீசியக் கம்பியை உருவிப் பாருங்கள். கல் பிடித்தால் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊறவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். கழிப்பறை ஆசிட்டை ஊற்ற விடாதீர்கள், அது கல்லோடு தொட்டியையும் அரிக்கும். கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதை அடைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறுவதை அது சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் வாயை அடைத்த கீசர் குளியலறையில் தொங்கும் வெடி. சூட்டை 60 டிகிரியில் வையுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகவே தேங்கிக் கிடந்தால் லீஜியோனெல்லா என்ற நுரையீரல் காய்ச்சல் கிருமி வளரும். குளிக்கும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, பிறகு வெந்நீரைக் கலந்துகொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

தொட்டி மாட்டுவது ஒரு நாள் வேலை. அதைப் பத்து வருஷம் உழைக்கவைப்பது வீட்டுக்காரரின் வேலை. வருஷத்துக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும், அது நடக்கும்.